கடிப்பது நாய்; வளர்த்தது யார்?

நாய் இல்லாத கமக்கார வீட்டை எமது பகுதிகளில் காண்பது அரிது. மாடு வாங்க வசதியில்லாதவர்கூட யாரிடமாவது ஒரு நாய்க்குட்டியைக் கேட்டு வாங்கி வந்துவிடுகிறார். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு நாயின் தேவை இன்னும் கூடுதலானது. பற்றை வெட்டித் துப்புரவாக்கிய புதுக் காணி. அரைகுறையாக அடைத்த வேலி. கதவுக்குப் பதிலாகத் தறப்பாள் அல்லது சாக்கு. இரவில் பன்றி, பகலில் குரங்கு, ஆள் இல்லாத நேரத்தில் கள்ளன். இவ்வளவுக்கும் சம்பளமின்றிக் காவல் நிற்பது ஒரு பிடி சோற்றுக்கு வந்த அந்த நாய்தான். எனவே நாயைப் பற்றிப் பேசுவது வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சாகாது. எமது வளவையும் பிள்ளைகளையும் பற்றிய பேச்சே அது.

அதே நாய் ஒரு நாள் பக்கத்து வளவுப் பிள்ளையைக் கடித்துவிட்டால் என்ன நடக்கிறது? அன்று மாலையே ஊர் இரண்டாகப் பிரிகிறது. "அது அல்சேஷன் கலப்பு, அதுக்குக் கடிக்கிறதுதான் குணம், அந்தச் சாதி நாயளை ஊருக்குள்ளை வைச்சிருக்கவே கூடாது" என்கிறது ஒரு பக்கம். "நாயிலை என்ன பிழை? அவை வளர்த்த வளர்ப்பு அப்பிடி" என்கிறது மறு பக்கம். கடைசியில் நாயை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். அல்லது சாக்கில் போட்டு வேறு ஊர்ச் சந்தியில் விட்டுவிட்டு வருகிறார்கள். இரண்டு வீட்டாரும் பல மாதங்கள் முகம் பார்ப்பதில்லை. கிணற்றடியிலும் அந்தக் கோபம் தொடர்கிறது. ஏற்கனவே பல ஊர்களிலிருந்து வந்து ஒன்றாகக் குடியேறியவர்களிடையே இத்தகைய பிளவு எவ்வளவு தூரம் போகும் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிறப்பா, வளர்ப்பா என்ற இந்தக் கேள்விக்கு உலகின் பல பாகங்களில் அறிஞர்கள் பொறுமையுடன் விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றை முதலில் பார்ப்போம். பின்னர் எமது ஊர்களில் நாம் செய்யக்கூடியது என்ன என்று சிந்திப்போம்.

விதையும் வயலும்

பிறப்புக்குப் பங்கே இல்லை என்று சொல்வது உண்மைக்குப் புறம்பானது. ரஷ்யாவின் சைபீரியப் பகுதியிலுள்ள நொவசிபிர்ஸ்க் நகரில் 1959ஆம் ஆண்டு திமித்ரி பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி பண்ணை நரிகளைக் கொண்டு ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். மனிதரைக் கண்டு குறைவாக அஞ்சும் நரிகளை மட்டுமே ஒவ்வொரு தலைமுறையிலும் தெரிந்தெடுத்து இனம்பெருக்கினார். சில தலைமுறைகளுக்குள் வாலாட்டிக்கொண்டு மனிதரிடம் ஓடிவரும் நரிக்குட்டிகள் பிறந்தன. இன்னொரு புறத்தில், சீறிப் பாயும் நரிகளையே தெரிந்தெடுத்து வேறொரு வரிசையையும் உருவாக்கினார்கள். பொல்லாத தாயின் குட்டியைச் சாதுவான தாயிடம் விட்டு வளர்த்துப் பார்த்தபோதும் அக்குட்டி பெரும்பாலும் பொல்லாததாகவே வளர்ந்தது. ஆகவே மூர்க்கத்துக்கும் சாதுத்தன்மைக்கும் இரத்தத்தில் ஒரு வேர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

நாய்களிலும் இது தெரிகிறது. 101 இனங்களைச் சேர்ந்த 14,000க்கும் அதிகமான நாய்களின் குணங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2019இல் வெளியாயிற்று. அந்நியரிடம் சீறுதல், சொற்கேட்டுப் பழகுதல் போன்ற குணங்களில் இனத்துக்கு இனம் சராசரி வேறுபடுகிறது என்றும், அந்த வேறுபாட்டில் பரம்பரைக்குக் கணிசமான பங்கு உண்டு என்றும் அது காட்டியது.

ஆனால் 2022இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான வேறோர் ஆய்வையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேள்விகள் கேட்டு, அவற்றுள் 2,155 நாய்களின் மரபணுக்களையும் வாசித்த ஆய்வு அது. தனித்தனி நாய்களின் குணத்தில் காணப்படும் வேறுபாட்டில் இனம் விளக்கக்கூடிய பங்கு சராசரியாக நூற்றுக்கு 9 மட்டுமே என்று அது கண்டது. அச்சமூட்டும் ஒன்றைக் கண்டு ஒரு நாய் எவ்வளவு இலகுவில் சீறும் என்பதை இனத்தைக் கொண்டு கணிப்பது ஏறக்குறைய முடியாத காரியமாக இருந்தது. மீதி 91 பங்கும் வளர்ப்புத்தான் என்று அவசரப்பட்டு முடிவு செய்யவும் கூடாது. அதே இனத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் கொண்டு வரும் தனி இயல்பு, வயது, ஆண் பெண் வேறுபாடு, வாழும் சூழல் எல்லாம் அதற்குள் அடங்கும்.

இவ்விரண்டு ஆய்வுகளும் முரண்படுகின்றனவா? கமக்காரருக்கு இது விளங்காத விடயமல்ல. மொட்டைக்கறுப்பனுக்கு ஒரு சராசரி விளைச்சல் உண்டு. விவசாயத் திணைக்களம் வெளியிட்ட புது நெல்லினம் ஒன்றுக்கு வேறொரு சராசரி உண்டு. ஆனால் இந்தப் போகத்தில் உங்கள் வயலில் எத்தனை மூடை காணும் என்பதை நெல்லின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு எவரும் சொல்ல மாட்டார். மேட்டுக் காணியா, பள்ளக் காணியா, மழை பெய்ததா, களை பிடுங்கினீர்களா என்று கேட்பார். நாயும் அப்படித்தான். இனத்தின் சராசரி என்பது ஒன்று; உங்கள் படலையில் படுத்திருக்கும் நாய் என்பது இன்னொன்று. விதைக்குப் பங்கு உண்டு. ஆனால் விதையை மட்டும் பார்த்து விளைச்சலைத் தீர்ப்பிட முடியாது.

முதல் பதினான்கு கிழமைகள்

'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது எமது முதியோர் வாக்கு. நாயைப் பொறுத்தவரை இதை விஞ்ஞானமும் அப்படியே ஒப்புக்கொள்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள பார் ஹார்பர் என்ற ஊரில், ஸ்கொற், புல்லர் என்ற இரு விஞ்ஞானிகளின் தலைமையில் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை நீண்ட காலம் ஆராய்ந்தார்கள். அங்கு நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 1961இல் வெளியாயிற்று. உயரமாக வேலியடைத்த ஒரு வெளியில் குட்டிகளைத் தாயுடன் விட்டு, மனிதக் கை படாமலே வளர்த்தார்கள். சிலவற்றை இடையில் ஒரு கிழமைக்கு எடுத்து மனிதருடன் பழக்கினார்கள். சிலவற்றை 14 கிழமைகள் வரை தொடவே இல்லை. அவ்வாறு தொடாமல் விடப்பட்ட குட்டிகள் காட்டு விலங்கைப் போல மனிதரைக் கண்டு அஞ்சி ஓடின. பின்னர் எவ்வளவு பழக்கியும் இலகுவில் வழிக்கு வரவில்லை. அந்தக் குட்டிகள் சாதுவான வீட்டு இனங்களைச் சேர்ந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறந்து மூன்றாம் கிழமை தொடங்கி ஏறத்தாழ 12 முதல் 14 கிழமைகள் வரையுமே குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். அக்காலத்தில் அது கண்டு பழகிய மனிதர், பிள்ளைகள், மாடு, சைக்கிள், குடை எல்லாம் அதற்கு உறவு. அக்காலத்தில் காணாதவை பின்னர் அச்சத்துக்குரியவை. கடிக்கும் நாய்களில் பெரும் பகுதி வீரத்தினால் கடிப்பதில்லை. அச்சத்தினாலேயே கடிக்கின்றன.

பார் ஹார்பரில் வேலிக்குள் நடந்ததை எமது மண்ணில் யுத்தம் வேலியின்றியே நடத்தியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும், 2008இலும் 2009இலும் வன்னி மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்தபோதும் நாய்களைக் கூட்டிச் செல்ல வழியிருக்கவில்லை. ஆளற்ற வளவுகளில் அவை குட்டி போட்டன. மனிதக் குரலைக் கேட்காமல், மனிதக் கையின் சூட்டை அறியாமல் அக்குட்டிகள் வளர்ந்தன. மக்கள் திரும்பி வந்தபோது சொந்த வளவுக்குள்ளேயே கூட்டமாக நின்று உறுமிய நாய்களைப் பலர் கண்டார்கள். அவை நாம் முன்பு வளர்த்த அதே ஊர் நாய்களின் வழி வந்தவைதான். இரத்தம் மாறவில்லை. காலம்தான் அவற்றுக்கு மனிதரைக் காட்டாமல் விட்டது.

சங்கிலியும் தடியும்

குட்டிக் காலம் கடந்த பின்னரும் எசமானின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் நகரில், கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1994இல் வெளியாயிற்று. கடித்த நாய்களிடையே அல்சேஷனும் சௌ சௌ என்ற இனமும் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் அத்துடன் வேறு சிலவும் தெரிந்தன. ஆண் நாய்களும், நலமடிக்கப்படாத நாய்களும், வளவில் சங்கிலியால் கட்டப்பட்ட நாய்களும் கடித்தவற்றுள் கூடுதலாக இருந்தன.

அதே நாட்டில் 2000 முதல் 2009 வரை நாய் கடித்து இறந்த 256 பேரின் விபரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2013இல் ஓர் அறிக்கை வந்தது. அவற்றுள் நூற்றுக்கு 87 சம்பவங்களில் தடுத்து நிறுத்தக்கூடிய ஒருவர் அருகில் இருக்கவில்லை. நூற்றுக்கு 84இல் நாய் நலமடிக்கப்பட்டிருக்கவில்லை. நூற்றுக்கு 76இல் அந்த நாய் வீட்டாரோடு உறவாடி வளராமல், சங்கிலியிலோ கூட்டிலோ வளவின் மூலையிலோ தனியே வைக்கப்பட்டிருந்தது. நாயின் இனம் இன்னதென உறுதியாக நிறுவ முடிந்ததோ நூற்றுக்கு 18க்கும் குறைவான சம்பவங்களில்தான். பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்ட இனப் பெயர்களில் பெரும்பாலானவை நிறுவப்படாதவையே.

அடித்து வளர்த்தால்தான் நாய் அடங்கும் என்பது எம்மிடையே ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாயை அடித்தோ உதைத்தோ திருத்த முயன்ற உரிமையாளர்களுள் நூற்றுக்கு 43 பேர், நாய் தம்மை எதிர்த்துச் சீறியதாகச் சொன்னார்கள். அடி நாய்க்கு ஒன்றை மட்டும் கற்பிக்கிறது: மனிதக் கை ஆபத்தானது என்பதை. அடித்த கையைக் கடிக்கத் துணியாத நாய், அடிக்காத சிறு கையைக் கடிக்கிறது. அந்தச் சிறு கை எப்போதும் ஒரு பிள்ளையின் கையாகவே இருக்கிறது.

"அப்படியானால் காவலுக்கு என்ன செய்வது? சாதுவான நாயைக் கண்டு கள்ளன் பயப்படுவானா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனியே வாழும் பெண்களும், கணவனை இழந்து வயல் காக்கும் தாய்மாரும் இதைக் கேட்கும்போது அதில் உண்மையான பயம் இருக்கிறது. ஆனால் காவல் நாயின் வேலை குரைப்பது, கடிப்பதல்ல. வீட்டாருடன் நெருங்கி வாழும் நாய் அந்நிய அசைவைக் கண்டதும் குரைத்து உங்களை எழுப்பும். இரவு பகலாகச் சங்கிலியில் கிடக்கும் நாயோ எல்லாவற்றுக்கும் குரைக்கும். ஈற்றில் அதன் குரைப்பை நீங்களே கேட்காமல் விடுவீர்கள். சங்கிலி அறுந்த அன்று அது கள்ளனைத் தேடிப் போவதுமில்லை. முதலில் எதிர்ப்படுபவரையே அது கடிக்கும்.

சட்டம் இனத்தைத் தடுத்தபோது

பிரித்தானியா 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டத்தைக் கொண்டுவந்து பிற்புல், ஜப்பானிய தோசா, தோகோ ஆர்ஜென்டினோ, பிலா பிரசிலெய்ரோ ஆகிய நான்கு வகைகளைத் தடை செய்தது. அதன் பின்னரும் இங்கிலாந்தில் நாய்க்கடிக்காக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டோர் தொகை ஏறியதேயன்றி இறங்கவில்லை. நெதர்லாந்து 1993இல் பிற்புல் நாய்களைத் தடை செய்தது. கடிகள் குறையாததைக் கண்டு 2008இல் அத்தடையை நீக்கத் தீர்மானித்தது. இந்தியாவில் 2024 மார்ச் மாதம் மத்திய அரசு 23 இனங்களைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை இரத்துச் செய்தது.

எனினும் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. பிரித்தானியாவில் 2021க்குப் பின்னர் நிகழ்ந்த நாய்க்கடி மரணங்களில் எக்ஸ்எல் புல்லி என்ற பாரிய உடலமைப்புடைய நாய்கள் பல தொடர்புபட்டிருந்தன. 2024 பெப்ரவரி 1 முதல், விலக்களிப்புப் பத்திரம் இன்றி அவற்றை வைத்திருப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமாயிற்று. இதிலும் ஓர் உண்மை உண்டு. எல்லா நாய்க்கும் கோபம் வரலாம்; ஆனால் எல்லா நாயின் பல்லும் ஒரே காயத்தை ஏற்படுத்துவதில்லை. பத்துக் கிலோ நாயின் கோபம் ஒரு தையலோடு போகலாம். ஐம்பது கிலோ நாயின் கோபம் ஓர் உயிரோடு போகலாம். ஆகவே பெரிய நாயை வளர்ப்பவருக்குப் பொறுப்பும் பெரிதாகிறது. வெளிநாட்டுக் காசு வந்ததும் கௌரவத்துக்காக ரொட்வைலர் வாங்கி, அதை ஒரு சிறு கூட்டில் அடைத்து வைக்கும் புதுப் பழக்கம் எமது ஊர்களிலும் தலைகாட்டுகிறது. இடமும் நேரமும் இல்லாதவருக்கு அந்த நாய் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த இனம் தீயது என்பதால் இதைச் சொல்லவில்லை. வளர்ப்பவரின் ஒரு சிறு தவறைக்கூடத் தாங்க முடியாத அளவுக்கு அதன் பலம் இருக்கிறது என்பதாலேயே சொல்கிறேன்.

எமது கிராமங்களில் பெரும்பாலானவை ஊர் நாய்கள். அவற்றுக்கு இனப் பெயரே கிடையாது. அல்சேஷன் கலப்பு என்று நாம் சொல்வதெல்லாம் காதையும் நிறத்தையும் பார்த்துச் சொல்வதுதான். காதைப் பார்த்து மரண தண்டனை விதிக்கலாமா?

'சாதி நாய்' என்னும் சொல்

உயர்விலை நாயை நாம் 'சாதி நாய்' என்கிறோம். தெருவில் திரியும் நாய்க்கு ஒரு மனித சமூகத்தின் பெயரை இழிவாகச் சூட்டிய வழக்கமும் எம்மிடையே இருந்தது. சில வாய்களில் இன்றும் இருக்கிறது. இந்தச் சொற்களைத் தற்செயலானவை என்று நான் நினைக்கவில்லை. பிறப்பே குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணத்தை மனிதருக்காக உருவாக்கிக்கொண்டு, பின்னர் அதை நாய்க்கும் பொருத்தினோம்.

நாயினங்களை மனிதன் வேண்டுமென்றே, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உருவாக்கினான். அவ்வளவு திட்டமிட்டுச் செய்தும் ஒரு தனி நாயின் குணத்தில் இனத்தின் பங்கு நூற்றுக்கு 9 அளவில்தான் நிற்கிறது. மனித சாதிகளை யாரும் அவ்வாறு குணத்துக்காகத் தெரிந்தெடுத்து உருவாக்கவில்லை. அதிகாரமும் நிலவுடைமையும் உருவாக்கின. அப்படியிருக்க, "அவையின்ரை பிறப்பு அப்பிடி" என்று ஒரு குடும்பத்தையோ ஓர் ஊரையோ பற்றி எந்த முகத்தோடு பேசுகிறோம்? நலன்புரி நிலையங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி, "காம்புப் பிள்ளையள், முரடுகள்" என்று வெளியார் பேசியது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்களில் பலர் கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். அங்கு பிறந்த பிள்ளையின் கோபத்துக்குக் காரணம் அதன் இரத்தமா, அல்லது அதற்கு ஒரு வளவும் விளையாட ஒரு முற்றமும் கொடுக்காத காலமா? நாயின் விடயத்தில் காரணத்தைத் தேடப் பழகினால், மனிதரின் விடயத்திலும் அந்த நிதானம் எமக்கு வரும்.

முட்டும் மாட்டின் சட்டம்

அப்படியானால் பொறுப்பு யாருடையது? வேதாகமத்தில் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் மாடு முட்டுவது பற்றிய ஒரு பழைய சட்டம் உண்டு. முன்பு முட்டாத மாடு திடீரென ஒருவரை முட்டிக் கொன்றால் உரிமையாளன் குற்றவாளியல்ல. ஆனால் அது முட்டும் மாடு என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தும் அவன் அதைக் கட்டி வைக்கவில்லையானால் குற்றம் அவனுடையது. மாட்டின் பிறப்பை அச்சட்டம் விசாரிக்கவில்லை. 'உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் என்ன செய்தாய்?' என்பதே அதன் கேள்வி. கமம் செய்து வாழ்ந்த மக்களின் சட்டம் அது, எமக்கும் பொருந்துகிறது.

நாய் பெரும்பாலும் முன்னறிவித்தலின்றிக் கடிப்பதில்லை. முதலில் உடலை விறைக்கும், உதட்டைத் தூக்கும், உறுமும், வெறும் வாயால் கௌவிப் பார்க்கும். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியை நம்பி இந்த அறிகுறிகளை நாம் அலட்சியம் செய்கிறோம். உறுமியதற்காக அடித்தால் நாய் உறுமுவதை மட்டுமே நிறுத்தும். அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். முதல் உறுமல் எசமானுக்கு வந்த அறிவித்தல். அதைப் பெற்ற பின்னரும் படலையைத் திறந்து வைத்தவர், "நாய்தானே" என்று தப்பிக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை

பணமில்லாமலே செய்யக்கூடியவை பல உண்டு.

குட்டியைத் தாயிடமிருந்து ஏழு, எட்டுக் கிழமைகளுக்கு முன் பிரிக்க வேண்டாம். கொண்டுவந்த நாள் முதல் வீட்டார், அயலார், பிள்ளைகள், முதியோர் எனப் பலரும் மென்மையாகத் தொட்டுப் பழகட்டும். சைக்கிளையும் குடையையும் மாட்டையும் உழவு இயந்திரத்தையும் பயமின்றிக் காணட்டும்.

நாளெல்லாம் சங்கிலியில் கட்ட வேண்டாம். முதலில் வேலியை அடையுங்கள். வேலியில்லாத காணியில் நாய்க்குத் தன் எல்லை தெரிவதில்லை. ஒழுங்கை முழுவதையும் தன் வளவென்றே அது எண்ணுகிறது. கட்டத்தான் வேண்டுமாயின் இரு மரங்களுக்கிடையே கம்பி இழுத்து, அதில் ஓடக்கூடியதாகக் கட்டுங்கள். நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சிறு பிள்ளையையும் நாயையும் தனியே விட்டுச் செல்ல வேண்டாம், அது எவ்வளவு நல்ல நாயாயினும். தின்னும் நாயையும், குட்டி போட்ட நாயையும், தூங்கும் நாயையும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்நிய நாய் வந்தால் ஓடாமல், கத்தாமல், கைகளை உடலோடு சேர்த்து மரம்போல நிற்கப் பழக்குங்கள்.

நலமடிக்கவும் தடுப்பூசி ஏற்றவும் வாய்ப்பு வரும்போது தவற விடாதீர்கள். 2006 முதல் தெருநாய்களைக் கொல்லும் முறையை அரசு கைவிட்டு, தடுப்பூசியையும் கருத்தடையையும் கொள்கையாகக் கொண்டுள்ளது. 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி நாயைப் பதிவு செய்வதும் எமது கடமை. ஓர் இடத்து நாய்களில் நூற்றுக்கு 70க்கு ஊசி ஏற்றினால் விசர்நோயின் சங்கிலி அறுந்துபோகும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இலங்கையில் 1973இல் 370க்கு மேற்பட்டோரைக் கொன்ற நீர்வெறுப்பு நோய் பின்னர் ஆண்டுக்குச் சில பத்துப் பேரளவுக்குக் குறைந்தது இவ்வகை முயற்சிகளால்தான்.

கடித்துவிட்டால், எந்த நாய் என்று சண்டை பிடிக்கும் முன் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சளோ எண்ணெயோ சுண்ணாம்போ பூச வேண்டாம். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். ஊசி அங்கே இலவசம். சொன்ன நாட்களிலெல்லாம் தவறாமல் போங்கள். நாயைக் கொன்றுவிட வேண்டாம். இரண்டு கிழமைகள் கட்டி வைத்துக் கவனியுங்கள். அதற்கு விசர் உண்டா இல்லையா என்பதை வைத்தியர் அறிய அது உதவும்.

இறுதியாக, கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பியை எடுத்து ஊரிலுள்ள நாய்களையும் அவற்றின் உரிமையாளர்களையும் எழுதுங்கள். எசமானற்ற நாய்களையும் எழுதி, அவற்றுக்கு ஊசி ஏற்றப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் மிருக வைத்தியரையும் அழையுங்கள். இறைச்சிக் கழிவும் சாப்பாட்டுக் கழிவும் திறந்த வெளியில் கொட்டப்படும் இடங்களை மூடுங்கள்; நாய்க் கூட்டம் சேர்வது அங்கேதான். ஒரு நாய் முதல் தடவை ஒருவரைத் துரத்தினால் அதன் வீட்டாருக்குச் சங்கம் அறிவிக்கட்டும்; என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்பதை எழுதி வைக்கட்டும். கடி நேர்ந்தால், கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் பஸ் காசையும் இழந்த நாட்கூலியையும் நாய் வளர்த்தவர் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து விடுங்கள். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்குச் சில தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது என்பது சில நாட்கள் அடுப்பு எரியாமல் இருப்பதாகும். அந்தச் சுமையைக் கடிபட்டவர் மேல் ஏற்றிவிட்டு, நாயை அடித்துக் கொன்று நீதி செய்துவிட்டோம் என்று சொல்வது நீதியாகாது.

அடுத்த முறை ஊர் கூடும்போது 'அது என்ன சாதி நாய்?' என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். 'அது யாருடைய நாய்? குட்டியில் யார் கையில் வளர்ந்தது? எத்தனை மணி நேரம் சங்கிலியில் கிடந்தது? முதல் தடவை உறுமியபோது யார் பார்த்தார்கள்?' என்று கேளுங்கள். முதற் கேள்விக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டு நாம் செய்யக்கூடியது மிகச் சிறிது. மற்றக் கேள்விகளுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு விடையிலும் நாளைக்கே திருத்தக்கூடிய ஒன்று இருக்கிறது.